படுக்கையறை ஜன்னலுக்கு ஏற்ற மறைப்பு

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

கடந்த சில பத்தாண்டுகளில் நமது கிராமங்களின் தோற்றம் பெரிதும் மாறிவிட்டது. கூரை வீடுகளும் நாட்டு ஓட்டு வீடுகளும் குறைந்து, கான்கிரீட் தளமிட்ட வீடுகள் பெருகியுள்ளன. 2011-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடியிலும், 2024-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியிலும் வீடுகள் வகுக்கப்பட்டன. மழைக்கு ஒழுகாத, தீக்கு அஞ்ச வேண்டாத வீட்டில் ஏழைக் குடும்பம் வாழ்வது யாவரும் மகிழத்தக்க முன்னேற்றமே ஆகும்.

ஆயினும் இவ்வீடுகளில் ஒரு குறை தலைகாட்டுவதை நாம் மறைக்கலாகாது. கூரை வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி உண்டு. சூடேறிய காற்று மேலெழுந்து அவ்வழியே வெளியேறிவிடும். கான்கிரீட் வீட்டில் அவ்வழி இல்லை. பகலெல்லாம் வெயிலை வாங்கிய தளம் இரவில் அந்த வெப்பத்தை அறைக்குள் இறக்குகிறது. அதனை வெளியேற்ற ஜன்னலைத் தவிர வேறு வழி கிடையாது. நம் முன்னோர் ஜன்னலுக்குக் காலதர் என்று பெயரிட்டனர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்பதே அச்சொல்லின் பொருள்.

அந்த வழி இன்று எவ்வாறு இருக்கிறது? இரவு பத்து மணிக்கு எந்தத் தெருவில் நடந்து சென்றாலும், படுக்கையறை ஜன்னல்களில் பெரும்பாலானவை இறுக அடைத்திருப்பதைக் காணலாம். சிலவற்றில் அட்டையும், சிலவற்றில் சாக்கும், சிலவற்றில் பழைய விளம்பரத் தட்டியின் பிளாஸ்டிக் துணியும் ஆணியால் அறையப்பட்டிருக்கும். காரணம் கேட்டால் கொசு என்பர்; தெருவில் போவோர் பார்வை என்பர்; திருட்டுப் பயம் என்பர்; மேற்கு வெயில் என்பர்; சாரல் என்பர். இவற்றுள் ஒன்றேனும் பொய்க் காரணம் அன்று. எனினும் இவ்வளவு காரணங்களுக்கும் ஒரே பரிகாரமாக ஜன்னலையே மூடிவிடுவதால், நாள் முழுதும் கழனியில் உழைத்தவர் இரவில் வெந்த காற்றிலே புரண்டு கிடக்கிறார். பகலின் வெப்பம் உடம்பை விட்டு நீங்க வேண்டிய நேரம் இரவு. அது நீங்காவிடில் மறுநாள் வெயிலைத் தாங்கும் சக்தி குறையும். முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதனால் விளையும் தீங்கு இன்னும் அதிகம்.

ஆகவே, ஜன்னலுக்கு எந்தத் திரை அழகு என்பதைவிட, எந்த மறைப்பு இரவில் ஜன்னலைத் திறந்து வைக்க உதவும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடையைப் படிப்படியாக ஆராய்வோம்.

கெட்ட காற்று என்னும் அச்சம்

இரவுக் காற்று உடம்புக்கு ஆகாது என்னும் எண்ணம் நம் நாட்டில் மட்டும் இருந்ததன்று. மலேரியா என்னும் சொல்லே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள்படுவது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் காற்றே அக்காய்ச்சலைத் தருகிறது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். 1897-ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டறிந்தார். அதன் பின்னரும் பலருக்கு ஐயம் தீரவில்லை.

1900-ஆம் ஆண்டில் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவ அறிஞர் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். இத்தாலியில் ரோம் நகருக்கு அருகே, மலேரியா மிகுந்த சதுப்பு நிலத்தில், மரக்குடில் ஒன்று நிறுவப்பட்டது. அதன் கதவு ஜன்னல்களுக்கெல்லாம் கொசு நுழையாத கம்பி வலை பொருத்தப்பட்டது. சாம்பன், லோ என்னும் இரு மருத்துவர்கள் கோடை முதல் இலையுதிர் காலம் வரையில் அங்கே தங்கினர். பகலில் வெளியே நடமாடினர். சூரியன் மறையுமுன் குடிலுக்குள் வந்துவிடுவர். இரவெல்லாம் அந்தச் சதுப்பு நிலத்துக் காற்று வலையின் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு மலேரியா வரவில்லை. அதே காலத்தில், நோய்க் கிருமி ஏறிய கொசுக்களை ரோமிலிருந்து லண்டனுக்கு அனுப்பி, மான்சனின் மகனைக் கடிக்கச் செய்தார்கள். சதுப்பு நிலமே இல்லாத லண்டனில் அவருக்கு மலேரியா கண்டது.

இச்சோதனையின் பாடம் இன்றும் நமக்கு உரியது. தடுக்க வேண்டியது கொசுவை, காற்றை அன்று. காற்றை விட்டுக் கொசுவைத் தடுக்கும் ஜன்னலே நல்ல ஜன்னல்.

மூன்று அடுக்குகள்

ஒரே ஒரு துணித் திரையிடம் எல்லா வேலைகளையும் எதிர்பார்ப்பதுதான் நாம் செய்யும் பிழை. வெயிலை மறைக்கக் கனமான துணி வேண்டும்; அத்துணி காற்றையும் மறிக்கும். காற்று வர மெல்லிய துணி வேண்டும். அது கொசுவையும் தடுக்காது, பார்வையையும் முழுவதும் தடுக்காது. ஆதலால் வேலைகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வெயிலைத் தடுப்பது சுவருக்கு வெளியே இருக்க வேண்டும். கொசுவைத் தடுப்பது ஜன்னல் நிலையில் இருக்க வேண்டும். பார்வையைத் தடுப்பது அறைக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே நிழல், நடுவே வலை, உள்ளே துணி என்று இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம். திருட்டுப் பயத்துக்குக் கம்பி போதும். கம்பிகள் தலை நுழையாத நெருக்கத்தில், நிலையில் உறுதியாகப் பதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை வீடு கட்டும்போதே கவனித்துவிட வேண்டும்.

வெளியே நிழல்

முதலில் ஜன்னல் எத்திசையை நோக்குகிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், சென்னையில் அம்மாதத்தின் நான்காம் வாரத்திலும் முதன்முறையாக அவ்வாறு நிகழும். கத்திரி வெயில் காலத்தில் உச்சி வெயிலை வாங்குவது தளமேயன்றி ஜன்னல் அன்று. ஜன்னலின் வழியே அறைக்குள் பாய்வது காலையில் கிழக்கு வெயிலும், பிற்பகலில் மேற்கு வெயிலும் ஆகும். காலை வெயில் வரும்போது அறை இரவில் ஆறியிருக்கும். ஆதலால் அதனால் பெரிய துன்பம் இல்லை. மேற்கு வெயிலோ, அறை ஏற்கெனவே சூடேறிய நேரத்தில் வந்து, தூங்கப் போகும் வரையில் தன் வெப்பத்தை விட்டுச் செல்கிறது.

சன்ஷேடு இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். தெற்கு ஜன்னலுக்கு அது பெரிதும் உதவும். மார்கழி மாதத்தில் தெற்கே சாய்ந்திருக்கும் நண்பகல் சூரியனும் நம் நாட்டில் பாதி வானத்துக்கு மேலேயே நிற்கும். ஆகவே மேலிருக்கும் சன்ஷேட்டின் நிழல் ஜன்னலில் பெரும்பகுதி மீது விழும். மேற்கு ஜன்னலின் நிலை வேறு. மே மாதத்தில் பிற்பகல் நாலரை மணிக்குச் சூரியன் தாழ்ந்து வந்துவிடும். அப்போது இரண்டடி நீண்ட சன்ஷேடு மேற்குச் சுவரில் சுமார் ஓர் அடிக்கே நிழல் தரும். நான்கடி உயரமுள்ள ஜன்னலில் ஏறத்தாழ முக்கால் பாகம் வெயிலிலேயே நிற்கும்.

இந்த வெயிலை உள்ளே தொங்கும் துணியால் தடுக்கலாம் என்பது தவறான எண்ணம். துணியின் மேல் விழும் வெயில் கண்ணாடியைக் கடந்து அறைக்குள் வந்துவிட்ட வெயில். துணி சூடேறி, அச்சூட்டை அறைக்கே தரும். கண்ணாடி வெயிலை உள்ளே விடுமேயன்றி, உள்ளே சூடேறிய பொருள்களின் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. அதே மறைப்பைச் சுவருக்கு வெளியே கட்டினால், அது வாங்கிய சூட்டை வெளிக்காற்றே கொண்டு போய்விடும். செலவு ஒன்றே, இடம் மாறுவதால் பயன் பன்மடங்காகிறது.

வெளிமறைப்புக்கு நமது கிராமங்களில் கிடைக்கும் பொருள்கள் பல.

பனையோலைத் தட்டியும் தென்னங்கீற்றுத் தட்டியும் மிக மலிவானவை. ஆண்டுதோறும் அல்லது ஓராண்டு விட்டு ஓராண்டு மாற்ற வேண்டும். தீயிலிருந்து காக்க வேண்டும்; சமையலறை ஜன்னலுக்கு இவை ஆகா.

மூங்கில் தட்டி சற்று விலை கூடியது. சுருட்டிக் கட்ட வசதியாயிருக்கும். சிம்புகளுக்கு நடுவே காற்றும் மங்கிய ஒளியும் வரும். பல ஆண்டுகள் உழைக்கும்.

நாற்றங்காலுக்கு விவசாயிகள் உபயோகிக்கும் நிழல்வலையையும் இதற்குப் பயன்படுத்தலாம். பழைய வலையில் நல்ல துண்டை எடுத்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினால் செலவே இல்லை எனலாம்.

இவை யாவற்றையும் சுவரோடு ஒட்டிக் கட்டலாகாது. சன்ஷேட்டின் வெளிவிளிம்பிலிருந்து தொங்கவிட வேண்டும். அப்போது சுவருக்கும் தட்டிக்கும் நடுவே காற்று மேலேறிச் செல்ல வழி இருக்கும். மாலையில் வெயில் தாழ்ந்ததும் தட்டியைச் சுருட்டிவிட வேண்டும். சன்ஷேடு போடும்போதே விளிம்பில் இரண்டு கொக்கிகளைப் பதிக்கும்படி கொத்தனாரிடம் சொல்லிவிட்டால், பின்னால் கான்கிரீட்டைத் துளைக்கும் வேலை மிஞ்சும்.

விவசாயிக்கு இன்னொரு வழியும் உண்டு. மேற்குச் சுவரிலிருந்து மூன்று அல்லது நான்கு அடி தள்ளிக் கொடிப் பந்தல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தலாம். தைப்பட்டத்தில் பீர்க்கனோ பாகலோ விதைத்தால், கோடையில் ஜன்னலுக்கு நிழலும் வீட்டுக்குக் காயும் கிடைக்கும். கோவைக் கொடி பல ஆண்டுகள் நிலைப்பது. தண்டைப் பதித்தே வளர்க்கலாம். ஆனால் கொடி ஜன்னலை மூடிப் படரவிடலாகாது. அடர்ந்த இலைகளுக்குள் கொசு அண்டும். பூச்சி பொட்டுகளும் சேரும். அடியில் குப்பை சேராமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

வெட்டிவேர்த் தட்டியைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். நனைந்த வேரின் வழியே காற்று வரும்போது, நீர் ஆவியாகி அக்காற்றைக் குளிரச் செய்கிறது. வேலூர், திருச்சி போன்ற வறண்ட கோடையுள்ள உள்நாட்டு ஊர்களில் இதனால் நல்ல பயன் உண்டு. கடற்கரையில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் நீர் எளிதில் ஆவியாகாது. அறையில் புழுக்கமே கூடும். தட்டிக்கு அடியில் சொட்டும் நீரைத் தேங்கவிட்டால் அங்கே டெங்குக் கொசு முட்டையிடும் என்பதையும் மறக்கலாகாது.

நடுவே வலை

மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவும், யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவும் பெரும்பாலும் இரவில் கடிப்பவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், சிறப்பாகக் காலையிலும் சூரியன் மறைவதற்கு முந்திய மாலையிலும் கடிப்பது. ஆகவே வலை இரவுக்கு மட்டும் உரியது அன்று. ஜன்னலில் நிலையாக இருக்க வேண்டும்.

வலையில் மூன்று வகை உண்டு. வெல்குரோ என்னும் ஒட்டுப்பட்டையால் நிலையின் உட்புறத்தில் ஒட்டும் நைலான் வலை முதலாவது. இது மலிவானது, வீட்டாரே வெட்டி ஒட்டிக்கொள்ளலாம், கழற்றித் துவைக்கலாம். மரச்சட்டத்திலோ அலுமினியச் சட்டத்திலோ இழுத்துப் பொருத்திய கண்ணாடி நார் வலை இரண்டாவது. துருப்பிடிக்காத எஃகு வலை மூன்றாவது. இது எலியும் அணிலும் கடித்துக் கிழிக்க இயலாதது. கடலோர ஊர்களில் சாதாரண இரும்பு வலையைத் தவிர்க்க வேண்டும். உப்புக் காற்றில் அது விரைவில் துருவேறி உதிரும்.

வாங்கும்போது கண்களின் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு சதுர அங்குலத்தில் 156 கண்கள் என்பது கொசுவலைகளுக்கு நெடுநாளாக வழங்கும் அளவு. அதைவிட மிகவும் நெருக்கமான வலை காற்றை அதிகம் மறிக்கும். அதைவிட அகன்றது கொசுவை விட்டுவிடும்.

ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பதாயின் வலை உட்பக்கம் இருக்க வேண்டும். உட்பக்கம் திறப்பதாயின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இதனைக் கவனியாது வலை அடித்துவிட்டு, பின்னர்க் கதவைச் சாத்த முடியாமல் வலையைக் கிழித்தவர் உண்டு. வெளிப்பக்கம் திறக்கும் கதவின் கொண்டியை எட்டுவதற்கு வலையின் கீழ் மூலையை மட்டும் பிரிக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வலையும் காற்றின் வேகத்தை ஓரளவு குறைக்கும். தூசி படிந்தால் மேலும் குறைக்கும். களத்துமேட்டுக்கு அருகிலுள்ள வீடுகளில், அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறையும், மற்றக் காலங்களில் மாதம் ஒருமுறையும் வலையைக் கழுவ வேண்டும். கூரையை ஒட்டியுள்ள வென்டிலேட்டருக்கும் வலை அடிக்க வேண்டுமேயன்றி அதனை அடைத்துவிடலாகாது. சூடான காற்று மேலே நிற்பதால், அது வெளியேற வேண்டிய வழி அதுவேயாகும்.

எல்லா ஜன்னல்களுக்கும் வலை அடிக்க இயலாத குடும்பம் என்ன செய்வது? ஓட்டை உடைசலின்றி வீடு முழுவதையும் வலையால் காக்க முடியாத இடத்தில், படுக்கையைச் சுற்றிக் கொசுவலை கட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைப்பதே மேல். ஜன்னலை மூடிக் கொசுவர்த்தி கொளுத்துவது இரண்டு தீமைகளை ஒன்றாக்குவது. வெளியேற வழியற்ற அப்புகையை விடியும் வரை குழந்தைகள் சுவாசிக்க நேரும்.

உள்ளே துணி

வெயிலும் கொசுவும் தடுக்கப்பட்டுவிட்டால், உள்ளே தொங்கும் திரைக்குப் பார்வையை மறைப்பதொன்றே வேலை. அதற்குக் கனத்த துணி வேண்டுவதில்லை. மெல்லிய பருத்தித் துணி போதும்.

தெருவை ஒட்டிய அறைக்கு அரைத்திரை மிகவும் ஏற்றது. தெருவில் நடப்பவர் கண் தரையிலிருந்து ஐந்தடி உயரத்துக்குச் சற்று முன்பின் இருக்கும். வீட்டின் தரை தெருவைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டு, ஜன்னலின் கீழ்ப்பாகத்தை மட்டும் மறைத்தால், மேற்பாகத்தின் வழியே காற்றும் ஒளியும் தடையின்றி வரும். பழைய வீடுகளில் ஜன்னல் கதவுகளை மேலிரண்டு கீழிரண்டாகச் செய்ததன் நோக்கமும் இதுவே. கீழ்க்கதவைச் சாத்தி மேற்கதவைத் திறந்து வைப்பர். புதிதாக நிலை செய்விப்பவர் தச்சரிடம் இவ்விதம் கேட்டுப் பெறலாம்.

பகலில் மறைக்கும் துணி இரவிலும் மறைக்கும் என்று நம்பிவிடலாகாது. பகலில் வெளியே ஒளி மிகுதி. மெல்லிய துணியின் ஊடே உள்ளிருப்பது தெரியாது. இரவில் உள்ளே விளக்கு எரியும்போது நிலைமை தலைகீழாகும். திரை கட்டியவுடன், இருட்டிய பின் விளக்கேற்றி வைத்து, வீட்டுப் பெண்களில் ஒருவர் தெருவில் நின்று பார்த்துவிட வேண்டும். உருவம் தெரிந்தால் துணியை இரட்டையாகத் தைக்கலாம். அல்லது உட்புறம் வெளிர்நிறத் துணி ஒன்றைச் சேர்க்கலாம். பெண்கள் அச்சமின்றி உறங்க முடியாத அறையில் ஜன்னல் ஒருநாளும் திறக்கப்படாது. காற்றோட்டத்தைப் பற்றி எவ்வளவு பிரசாரம் செய்தாலும், இந்த ஒரு தேவையைத் தீர்க்காதவரை பயன் விளையாது.

துணியின் கணக்கு வருமாறு. ஜன்னல் மூன்றடி அகலமும் நான்கடி உயரமும் உள்ளதெனக் கொள்வோம். திரைக் கம்பி இருபுறமும் நான்கு அங்குலம் நீண்டு, மூன்றடி எட்டு அங்குலம் இருக்கட்டும். மடிப்பு விழுவதற்குக் கம்பியின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது ஐந்தரை அடி அகலத் துணி வேண்டும். 36 அங்குல அகலத் துணியில் இரண்டு பாகங்கள் சேர்ந்தால் ஆறடி ஆகும். உயரம் நான்கடி, மேலே நான்கு அங்குலம், கீழே ஆறு அங்குலம், மடித்துத் தைக்க ஆறு அங்குலம், ஆக ஐந்தடி நான்கு அங்குலம். இரண்டு பாகங்களுக்கும் பத்தடி எட்டு அங்குலம். பருத்தி துவைத்தால் சுருங்குமாதலால் மூன்றரை மீட்டர் வாங்கி, முதலில் நனைத்து உலர்த்திய பிறகே தைக்க வேண்டும். அரைத்திரைக்கு இதில் ஏறத்தாழப் பாதி போதும்.

வீட்டில் நைந்து போகாத பழைய நூற்சேலை ஒன்று இருந்தால் அந்தச் செலவும் இல்லை. புதிதாக வாங்குவோர் கைத்தறித் துணியையே வாங்கலாம். கரூரிலும் சென்னிமலையிலும் நெய்யப்படும் வீட்டுத் துணிகள் நாடறிந்தவை. 1935-ஆம் ஆண்டில் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவு நிறுவனத்தின் விற்பனை நிலையங்களிலும் கைத்தறித் துணி கிடைக்கும். தையல் தெரிந்த மகளிர் சுய உதவிக் குழுவினர் ஊரிலுள்ள புது வீடுகளுக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பதை ஒரு தொழிலாகவே கொள்ளலாம்.

தடித்த செயற்கை இழைத் திரைகள் கடைகளில் மினுமினுப்பாகத் தொங்கினாலும், நம் படுக்கையறைக்கு அவை ஏற்றவை அல்ல. அவை காற்றை மறிக்கும். தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டும். எத்துணியானாலும் விளக்குக்கும் கொசுவர்த்திக்கும் எட்டாதபடி இருக்க வேண்டும். தட்டியையோ திரையையோ இழுக்கும் கயிறு கீழே தொங்கலாகாது. குழந்தையின் கழுத்தில் அது சுற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. கயிற்றை உயரத்தில் முளை அடித்துச் சுற்றி வைப்பதோடு, தூளியை ஜன்னலுக்கு அருகில் கட்டாதிருப்பதும் அவசியம்.

அருகிலே ஓர் உதாரணம்

வெளியே நிழலும் உள்ளே மறைவும் தனித்தனியே அமைந்த படுக்கையறைகளைக் காண விரும்புவோருக்குப் புதுச்சேரியில் கோல்கொண்டா என்னும் விடுதி இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த இக்கட்டடத்தை அன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1940-களில் வேலை முடிந்தது. இதன் வெளிப்புறம் நெடுகக் கண்ணாடிக்குப் பதிலாக, சாய்த்துத் திறக்கவும் மூடவும் கூடிய கிடைத் தகடுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவை வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. அறைக்கும் நடைக்கும் நடுவே காற்றுப் புகும்படி தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவுகள் பார்வையை மறைக்கின்றன. அவ்வளவு பெரிய கட்டடத்தை நாம் கட்டப்போவதில்லை. வெயிலை வெளியிலும் பார்வையை உள்ளேயும் தடுக்க வேண்டும் என்னும் அதன் முறையை ஒரு மூங்கில் தட்டியும் ஓர் அரைத்திரையும் கொண்டே நம் வீட்டில் நிறைவேற்றலாம்.

ஊருக்கும் ஆளுக்கும் ஏற்ற மாறுதல்கள்

உள்நாட்டு மாவட்டங்களில் கோடைப் பகலில் வெளிக்காற்று அறைக் காற்றைவிடச் சூடாயிருக்கும். அங்கே காலை பத்து மணி முதல் வெயில் தாழும் வரை ஜன்னலைச் சாத்தி, இருட்டியபின் முழுதும் திறப்பது நலம். கடலோரத்தில் பிற்பகலில் கடற்காற்று வரும். அதனை வரவிட வேண்டும். கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் காற்று பலமாக வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேற்கு ஜன்னல் தட்டியின் கீழ் விளிம்பையும் கட்டி வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் சாரல் கிழக்கு, வடக்கு ஜன்னல்களைத் தாக்கும். 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது பட்ட துன்பத்தை டெல்டா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தவுடன் வெளித்தட்டிகளைக் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். காற்றில் பறக்கும் தட்டி பிறருக்கு ஆபத்து.

இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் பம்பு செட்டுக்குப் போய் நீர் பாய்ச்சிவிட்டு, விடிந்தபின் வந்து உறங்கும் விவசாயிக்குப் பகலில் இருட்டு வேண்டும். அவர் ஜன்னலை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. வெளித்தட்டியை இறக்கி, உள்ளே கருநிறத் துணி ஒன்றை மேலிருந்து கீழ்வரை தொங்கவிட்டு, கதவுகளைத் திறந்தே வைத்தால் ஒளி குறையும். காற்று ஓரளவு வரும்.

பிள்ளை பெற்ற தாயின் அறையை இறுக மூடி வைப்பது பல ஊர்களில் வழக்கம். பச்சைக் குழந்தைக்குக் காற்று ஆகாது என்று பெரியோர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. காற்று நேரே வீசினால் குழந்தையின் உடம்பு குளிர்ந்துவிடும். அதற்குப் படுக்கையை ஜன்னலுக்கு நேரே போடாமல் மூலைக்கு நகர்த்தி, குழந்தையைப் போர்த்தி வைத்தால் போதும். பலர் வந்து பார்த்துப் போகும் அவ்வறையில் காற்று மாறிக்கொண்டிருப்பது தாய்க்கும் சேய்க்கும் நன்மை. காசநோய் போன்றவை காற்றின் வழியே பரவுபவை. அடைத்த அறையில் அவை பரவுவது எளிது.

நெல் மூட்டைகளையும் விதைப் பானைகளையும் படுக்கையறை ஜன்னலை மறைத்து அடுக்குவதும் நம்மிடையே உள்ள ஒரு பழக்கம். ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தால் காற்று ஓடாது. உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக ஒரு வழியும் வேண்டும். மூட்டைகளை ஜன்னலில்லாத சுவரோரம் மாற்றினால் செலவில்லாமலே இக்குறை நீங்கும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

வீடு ஒவ்வொருவருடைய சொந்த விஷயம் என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. அரசின் உதவியோடு வீடு கட்டுவோர் பெரும்பாலும் முதன்முறையாகக் கட்டுபவர்கள். அடித்தளம் போடும் நாளிலேயே அவர்களிடம் சொல்ல வேண்டிய செய்திகள் சில உண்டு. படுக்கையறைக்கு இரண்டு திறப்புகள் இருக்கட்டும். இயன்றால் மேற்குச் சுவரில் பெரிய ஜன்னலைத் தவிர்க்கட்டும். சன்ஷேட்டில் கொக்கி பதிக்கட்டும். நிலையில் வலை பொருத்த இடம் விடட்டும். இவற்றுக்குக் கூடுதல் செலவு மிகச் சொற்பம். பூச்சு வேலை முடிந்தபின் செய்வதானால் செலவு கூடும்; பலர் செய்யாமலே விட்டுவிடுவர்.

மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபை கோடையின் நடுவே வருவது. அதற்கு முன்னதாக உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் இரவில் ஒருமுறை நடந்து, எத்தனை ஜன்னல்கள் மூடிக் கிடக்கின்றன, ஏன் மூடிக் கிடக்கின்றன என்று கேட்டு வரலாம். பலர் சொல்லும் காரணம் கொசுவானால், சாக்கடையும் தேங்கிய நீரும் பஞ்சாயத்தின் பொறுப்பு. காரணம் தெருவில் கூடும் வீண் கூட்டமானால், அதுவும் ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்க வேண்டியதே.

கையில் சிறிது பணமே உள்ள குடும்பம் எதை முதலில் செய்வது? முதலாவது, படுக்கும் அறைக்கு வலை. அல்லது படுக்கைக்குக் கொசுவலை. இரண்டாவது, பழைய சேலையில் ஓர் அரைத்திரை. மூன்றாவது, மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி. தளத்தின் சூட்டை இவை நீக்கா என்பது உண்மையே. தளத்துக்கு வெள்ளை அடிப்பது தனி வேலை. எனினும் அச்சூடு வெளியேற இரவில் வழி திறந்திருக்கும். இம்மூன்றையும் ஒரே கோடையில் செய்துவிட வேண்டும் என்பதில்லை. இவ்வாண்டு ஒன்று, வரும் ஆண்டு ஒன்று எனச் செய்தாலும், மூன்றாம் ஆண்டில் அவ்வீட்டு ஜன்னல் இரவெல்லாம் திறந்திருக்கும். வீட்டார் நிம்மதியாக உறங்கி, தெளிந்த உடலோடு விடியலில் கழனிக்குப் புறப்படுவர்.